விளையாடும்போது மட்டும் கணினி நின்றுவிடுகிறது: கிராஃபிக்ஸ் கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா, வேறு ஏதாவதா?

நொய்யல்கரை | 9 பிப்ரவரி 2025, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். நான்கு வாரங்களாக என் கணினி விளையாட்டின் நடுவே திடீர் திடீரென நின்றுவிடுகிறது. முதலில் விவரம்: ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, ரேடியன் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கார்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் நான்கு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), விண்டோஸ் 11. பிராசஸர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், ரேமில் இரண்டு ஆகியவை 2022இல் வாங்கியவை. பொங்கலுக்கு முந்தைய வாரம் பழைய கார்டை விற்றுவிட்டு 6700 எக்ஸ்டி வாங்கினேன். அதே கையோடு, நண்பர் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருந்த, என்னிடம் உள்ளதைப் போலவே 3600 என்று முத்திரையிட்ட இரண்டு ரேமையும் வாங்கிப் பொருத்தினேன்.

தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது. சில நாள் திரை நீலமாகி நிற்கிறது; சில நாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் மின்சாரம் போனது போலத் திரை கறுத்து, மூன்று நான்கு நொடிகளில் கணினி தானாகவே மறுபடி தொடங்குகிறது. வேலை செய்யும்போதும் படம் பார்க்கும்போதும் ஒருமுறைகூட அணைந்ததில்லை. விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினேன். சேஃப் மோடில், டிரைவரை அடியோடு நீக்கும் டிடியு மென்பொருள் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். பிராசஸருக்கு பேஸ்ட் மாற்றினேன். எதிலும் பயனில்லை. கார்டைத் திருப்பி அனுப்பினால் இருபது நாளாவது ஆகும் என்று கடைக்காரர் சொல்கிறார். அனுப்புவதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மலைக்கோட்டை | 9 பிப்ரவரி, இரவு 10.52

வெப்பத்தைப் பார்த்தீர்களா, நண்பரே? கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, எதிரே மேசை விசிறியை வைத்து ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை பாதிப் பேருக்குத் தூசிதான் காரணம்.

நொய்யல்கரை | 9 பிப்ரவரி, இரவு 11.20

பார்த்தேன். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் பதிவெடுத்தபோது பிராசஸர் 74 டிகிரியையும், கார்டின் மிகச் சூடான புள்ளி 88 டிகிரியையும் தாண்டவில்லை. பலகையைக் கழற்றி வைத்த நாளிலும் இரண்டு முறை அணைந்தது.

குறைகடத்தி | 10 பிப்ரவரி, காலை 7.40

இந்தப் பிராசஸருக்கான உச்ச வரம்பு 90 டிகிரி. அந்தக் கார்டின் சூடான புள்ளிக்கு 110 வரை இடமுண்டு. ஆகவே வெப்பத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு. "நின்றுவிடுகிறது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்வுகளை அடக்கியிருக்கிறீர்கள். நீலத்திரை வருகிறது என்றால், விண்டோஸ் கடைசி நொடி வரை உயிரோடிருந்து, இனித் தொடர்வது ஆபத்து என்று தானே முடிவெடுத்து, காரணத்தையும் எழுதிவைத்துவிட்டு நிற்கிறது என்று பொருள். எதுவுமே சொல்லாமல் திரை கறுத்து மறுபடி தொடங்குகிறது என்றால், விண்டோஸுக்கு எழுத நேரமே கிடைக்கவில்லை. முன்னதில் சந்தேகம் ரேம், டிரைவர், பிராசஸர் பக்கம் போகும். பின்னதில் பெரும்பாலும் மின்சாரத்தின் பக்கம் போகும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பிரிவில் கெர்னல் பவர் 41 என்ற பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுங்கள். ஒவ்வொன்றிலும் டீடெய்ல்ஸ் தாவலில் பக்செக் கோடு என்ற வரி இருக்கும். அந்த எண்ணையும், நேரத்தையும், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கே எண் பதின்ம முறையில் இருக்கும். இணையத்தில் நீலத்திரைக் குறியீடுகளைப் பதினாறடிமான முறையில் எழுதியிருப்பார்கள் என்பதால் அப்படியே தேடிக் குழம்ப வேண்டாம். 41 என்ற பதிவே நோய் அல்ல, "போன முறை ஒழுங்காக மூடப்படவில்லை" என்ற தகவல் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பியவர்கள் பலர்.

பனங்கூடல் | 10 பிப்ரவரி, காலை 11.05

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை ஐ9 அல்லது ஐ7 ஆக இருந்தால் கதை வேறாகியிருக்கும். அவற்றில் சில மாடல்கள் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி நாளடைவில் நிலைதடுமாறின என்பதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தச் சமயத்தில் பலருக்கு "வீடியோ நினைவகம் போதவில்லை" என்ற அறிவிப்பு வந்து, பாவம், குற்றமில்லாத கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். நொய்யல்கரையிடம் இருப்பது ரைசன் என்பதால் அது இங்கே பொருந்தாது. ஆனாலும் அறிவிப்பு சுட்டும் இடமும் பழுதான இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்காக எழுதினேன்.

நொய்யல்கரை | 10 பிப்ரவரி, இரவு 9.30

குறைகடத்தி அண்ணா சொன்னபடி எடுத்தேன். ஜனவரி 18 முதல் மொத்தம் 14 பதிவுகள். அவற்றில் ஐந்தில் பக்செக் கோடு 26. ஒன்பதில் வெறும் 0. வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வீயா லாகர் என்ற பெயரில் ஒரு பதிவும் இல்லை. 26 என்று இருந்த ஐந்து நாளும் நீலத்திரையைப் பார்த்த நினைவு எனக்கு இருக்கிறது.

குறைகடத்தி | 10 பிப்ரவரி, இரவு 10.10

இப்போது தெளிவாகிறது. 26 என்பது பதினாறடிமானத்தில் 1ஏ, அதாவது மெமரி மேனேஜ்மென்ட். 0 என்பது விண்டோஸ் எதையும் எழுதாமலேயே போய்ச்சேர்ந்தது. உங்களிடம் இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. இத்தனை நாளும் ஒன்றைத் தொட்டபோது மற்றொன்று வந்து "இதுவும் பயனில்லை" என்று உங்களை நம்பவைத்திருக்கிறது.

முதலில் ரேமை முடிப்போம், அது எளிது. உங்கள் நான்கு ரேமும் 3600 என்று முத்திரையிட்டவை. அந்த வேகம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்கி, 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுக்கும்போதுதான் கிடைக்கும்; அது ஒரு வகை ஓவர்கிளாக்தான். இந்தப் பிராசஸரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேமுக்கு 3200. நான்கும் நிரம்பினால் அது 2933 ஆகவும், இரட்டை வரிசை (டூயல் ரேங்க்) ரேமாக இருந்தால் 2667 ஆகவும் இறங்கும். இரண்டு ரேம் 3600இல் ஓடியது உங்கள் நல்வாய்ப்பு. நான்கும் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. முத்திரை ஒன்றாக இருந்தாலும் வெவ்வேறு காலத்தில் வாங்கிய ரேமுக்குள் இருக்கும் சில்லுகள் வேறாக இருப்பதும் சாதாரணம்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி, இப்போதுள்ள அமைப்பிலேயே நான்கு சுற்றும் ஓட விடுங்கள். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் தோல்விதான்; "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. பிறகு எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை.

டொராண்டோத்தமிழன் | 11 பிப்ரவரி, காலை 6.25

ரேம் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த ஒன்பது சுழியங்களுக்கும் காரணம் எஸ்எம்பிஎஸ் என்று பந்தயமே கட்டுவேன். புதிய கார்டுகள் சராசரியாக எடுக்கும் மின்சாரம் வேறு, மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் உறிஞ்சும் உச்சம் வேறு. 230 வாட் கார்டு கண நேரத்துக்கு அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலும் இழுக்கலாம். இதற்காகத்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என்று வகுத்தது. உங்களுடையது அதற்கு முந்தைய வகை. மேலும் கார்டுக்குப் போகும் இரண்டு இணைப்புகளும் ஒரே கேபிளின் கிளைகளா, தனித்தனிக் கேபிள்களா என்று பாருங்கள். எட்டு முனை இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் என்பது கணக்கு. இரண்டையும் ஒரே கேபிளில் தொங்கவிடுவது நல்லதல்ல. 850 வாட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள், தம்பி. எப்படியும் அடுத்த கார்டுக்கு ஆகும்.

குறைகடத்தி | 11 பிப்ரவரி, காலை 8.00

கேபிளை மாற்றச் சொல்வது சரி, அதற்குச் செலவில்லை. எஸ்எம்பிஎஸ் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றால் துண்டித்துக்கொண்டால், பெரும்பாலும் பின்னால் உள்ள சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடும் வரை எழுந்திருக்காது. இவருடைய கணினி மூன்று நொடியில் தானாகவே எழுகிறது. இது முடிவான சான்று அல்ல, ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை.

நொய்யல்கரை | 16 பிப்ரவரி, மாலை 5.45

ஒரு வாரத்துச் சோதனைகளை எழுதுகிறேன், நீளத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெம்டெஸ்ட் இரண்டாம் சுற்றிலேயே 37 பிழைகளைக் காட்டியது. எக்ஸ்எம்பியை அணைத்தபின் நான்கு சுற்றும் சுத்தம். பிறகு எக்ஸ்எம்பியை இயக்கி வேகத்தை மட்டும் 3200க்கு இறக்கினேன். அதிலும் நான்கு சுற்று சுத்தம். அன்றிலிருந்து இன்றுவரை நீலத்திரை இல்லை. அந்த நோய் தீர்ந்தது என்றே நினைக்கிறேன். குறைகடத்தி அண்ணாவுக்கு நன்றி.

ஆனால் சுழியங்கள் நிற்கவில்லை. கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள் கொடுத்த பிறகும் இந்த ஒரு வாரத்தில் நான்கு முறை அணைந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் வேண்டுமென்றே சுமையேற்றும் மென்பொருள்களான ஃபர்மார்க்கையும் ஓசிசிடியின் பவர் சோதனையையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன். விளையாட்டைவிடக் கடுமையான சுமை, அசையவே இல்லை. மறுநாள் மாலை சைபர்பங்க் 2077ஐத் திறந்து இருபதாவது நிமிடத்தில் கறுத்தது. சனிக்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு பீளமேட்டில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போனேன். அங்கே மதியம் முதல் இரவு எட்டு வரை அதே விளையாட்டை ஓட்டினோம், ஒருமுறைகூட நிற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். ஞாயிறு காலை 7.10க்கு நின்றது. கணினிக்கு என் வீடு பிடிக்கவில்லை என்று அம்மா கேலி செய்கிறார்.

மலைக்கோட்டை | 16 பிப்ரவரி, மாலை 6.20

அம்மா சொல்வதே சரியாக இருக்கலாம்.

மின்னுழவன் | 16 பிப்ரவரி, இரவு 8.15

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முப்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலை மின்பராமரிப்பில் இருப்பவன். கணினியின் உள்விவகாரம் தெரியாது, ஆனால் சுவரில் இருந்து எஸ்எம்பிஎஸ் வரைக்கும் எனக்குத் தெரிந்த இடம்.

கடுமையான சுமையில் நள்ளிரவில் நிற்காத பெட்டி, அதைவிடக் குறைந்த சுமையில் மாலையில் நிற்கிறது; வேறு வீட்டில் நிற்கவே இல்லை. ஆகவே பெட்டிக்குள் தேடுவதை நிறுத்துங்கள். நான்கு கேள்விகள் கேட்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு அட்டையில் உள்ளீட்டு மின்னழுத்தம் என்னவென்று எழுதியிருக்கிறது? கணினி எந்த சாக்கெட்டில் இருக்கிறது, அந்த லைனில் வேறு என்ன ஓடுகிறது? நடுவில் யூபிஎஸ் அல்லது ஸ்டெபிலைசர் உண்டா? அந்தப் பதினெட்டு நிறுத்தங்களின் நேரங்களை வரிசையாகத் தர முடியுமா?

நொய்யல்கரை | 16 பிப்ரவரி, இரவு 9.40

ஐயா, அட்டையில் "200 முதல் 240 வோல்ட்" என்று இருக்கிறது. கணினி முதல் மாடியில், என் அறையில், ஏசிக்கென்று போட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டில் இருக்கிறது; ஏசி கிடையாது. யூபிஎஸ் இருந்தது, 600 விஏ. புதிய கார்டு வந்தபின் விளையாட்டைத் திறந்தாலே அது கத்தத் தொடங்கியதால் ஜனவரியில் எடுத்துவிட்டு நேராகச் சுவரில் மாட்டினேன்.

சுழியம் பதிவான 13 முறையின் நேரங்கள் இவை. காலையில் நான்கு: 6.50, 7.10, 7.25, 7.05, எல்லாம் சனி, ஞாயிறு. மாலையில் எட்டு: 6.35 முதல் 7.50 வரைக்குள். மீதி ஒன்று பிற்பகல் 2.20. நீங்கள் கேட்ட பதினெட்டில் ஐந்து நீலத்திரைகள் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

மின்னுழவன் | 16 பிப்ரவரி, இரவு 10.05

காலை ஏழு, மாலை ஏழு. உங்கள் வீட்டில் போர் மோட்டார் இருக்கிறதா?

நொய்யல்கரை | 16 பிப்ரவரி, இரவு 10.12

இருக்கிறது. ஒன்றரை குதிரைத்திறன். மாடித் தொட்டியில் மிதவை வைத்து, தண்ணீர் இறங்கினால் தானாகவே ஓடும்படி ஆட்டோமேட்டிக் போட்டிருக்கிறோம். ஆனால் ஐயா, அது இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. கணினித் தொல்லை ஒரு மாதமாகத்தான்.

மின்னுழவன் | 16 பிப்ரவரி, இரவு 10.50

இரண்டு ஆண்டுகளாக உங்கள் யூபிஎஸ் அதை மறைத்துவைத்திருந்தது. அதைத்தான் ஜனவரியில் எடுத்துவிட்டீர்கள். கார்டு, ரேம், யூபிஎஸ் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். முதல் இரண்டை மட்டும் சொன்னீர்கள், மூன்றாவதை மாற்றமாகவே எண்ணவில்லை.

நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றரை குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் அந்த அரை நொடியில் அதைப்போல நான்கைந்து மடங்கு இழுக்கும். ஒயரிலோ இணைப்பிலோ மின்தடை இருந்தால் அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரியும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. மின்சாரம் அறவே நின்றாலும் முழுச் சுமையில் 16 மில்லிநொடி அளவுக்கு அது தாங்க வேண்டும் என்பது விதி. அரை நொடி என்பது 500 மில்லிநொடி. உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால் அதே வாட்டை எடுக்க எஸ்எம்பிஎஸ் அதிக ஆம்பியர் இழுக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. வேலை செய்யும்போது கணினி 80 வாட்தான் எடுக்கிறது, ஆகவே எல்லைக்கு வெகு கீழே இருந்து தப்பித்துவிடுகிறது. விளையாடும்போது 400 வாட்டை நெருங்குகிறது. அப்போது மோட்டார் கிளம்பினால் கெபாசிட்டர் வற்றி, "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்று மதர்போர்டுக்குப் போகும் சைகை அறுந்து, கணினி ரீசெட் ஆகிவிடுகிறது. அரை நொடியில் அழுத்தம் திரும்புவதால் தானாகவே எழுகிறது. "விளையாடும்போது மட்டும்" என்பதற்கு இதுவே விளக்கம். நள்ளிரவில் யாரும் குளிப்பதில்லை, தொட்டி இறங்குவதில்லை, மோட்டார் கிளம்புவதில்லை. ஆகவே உங்கள் சோதனைகள் எல்லாம் தேறின.

ஊகம் போதாது, அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி உள்ள மல்டிமீட்டரை அதே அறையில் இன்னொரு சாக்கெட்டில் வைத்துவிட்டு, அம்மாவை மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். மீட்டர் பிடிக்கும் அந்த முனைகளை வெறும் கையால் செருகிக்கொண்டு நிற்க வேண்டாம்; பிளக்கோடு கூடிய முனையைப் பயன்படுத்துங்கள், அல்லது எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

நொய்யல்கரை | 18 பிப்ரவரி, இரவு 8.30

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரை அழைத்து அவர் கையாலேயே அளந்தோம். கீழே மீட்டர் பலகையில், மோட்டார் ஓடாதபோது 222 வோல்ட். என் அறை சாக்கெட்டில் 220. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது என் அறையில் 208. கிளம்பும் கணத்தில் மீட்டர் பிடித்துவைத்த மிகக் குறைந்த அளவு 159. ஐந்து முறை போட்டுப் பார்த்தோம். 159க்கும் 164க்கும் நடுவிலேயே இருந்தது. மூன்றாவது முறை கணினியில் விளையாட்டைத் திறந்துவைத்தபடி மோட்டாரைப் போடச் சொன்னேன். படிக்கட்டில் மோட்டாரை இயக்கும் கான்டாக்டர் "டக்" என்று விழுந்த ஒலியும் என் திரை கறுத்ததும் ஒன்றாகவே நடந்தன. ஒரு மாதமாகத் தேடியதை ஒரு சுவிட்சைத் தட்டி வரவழைக்க முடிந்தபோது எரிச்சலைவிட மகிழ்ச்சிதான் வந்தது.

இன்னொன்று. மோட்டார் போடும்போதெல்லாம் மாடியில் பூசை அறையில் இருக்கும் ஜீரோ வாட் பல்பு ஒருமுறை மங்கி எழும் என்று அம்மா இப்போது சொல்கிறார். எப்போதிலிருந்து என்று கேட்டால், "ரொம்ப நாளாகவே" என்கிறார். என் அறையில் எல்இடி விளக்கு என்பதால் எனக்குத் தெரிந்ததே இல்லை.

மின்னுழவன் | 18 பிப்ரவரி, இரவு 9.15

அருமையான அளவீடு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 ஆம்பியருக்கு 12 வோல்ட் விழுகிறது என்றால் வழியில் 1.2 ஓம் தடை இருக்கிறது. கிளம்பும்போது 61 வோல்ட் விழுந்திருக்கிறது, 1.2ஆல் வகுத்தால் 51 ஆம்பியர். இந்த மோட்டாருக்கு அது பொருத்தமான அளவே. மீட்டர் பிடிப்பதற்குச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் உண்மையான பள்ளம் இதைவிட ஆழமாகவும் இருந்திருக்கலாம்.

இப்போது கணினியை விடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போகவர 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் தடை 0.3 ஓமுக்கு மேல் வரக்கூடாது. மீதி 0.9 ஓம் ஏதோ ஓர் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 90 வாட் வெப்பம் எழும்; சூடான சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்து மூடியது போல. நாளைக் காலையே மெயினை அணைத்து, மாடியிலுள்ள மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்து, நியூட்ரல் இணைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மோட்டாரைத் தானாக ஓட விடாதீர்கள்.

நொய்யல்கரை | 19 பிப்ரவரி, பிற்பகல் 1.20

கண்டுபிடித்துவிட்டோம். மோட்டாருக்கான லைனை மாடிப் பெட்டியிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். அதாவது கீழிருந்து மாடிக்கு வரும் ஒரே கம்பியில் மோட்டாரும் என் அறையும் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பிகள் சேரும் பித்தளைப் பட்டையில், கீழிருந்து வரும் முதன்மைக் கம்பியை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தது. கம்பியின் கறுப்பு உறை இரண்டு அங்குல நீளத்துக்குப் பொரிந்து, தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே செம்பு நிறமிழந்து ஊதாவும் கறுப்புமாக இருந்தது. பட்டையின் அந்த முனை கரி பிடித்து, பக்கத்தில் பெட்டியின் பிளாஸ்டிக் லேசாக உருகி வளைந்திருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர் நின்றதால் வீடு தப்பித்தது" என்றார்.

எரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதிய பட்டை போட்டு, மோட்டாருக்குக் கீழே மீட்டர் பலகையிலிருந்தே 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்திருக்கிறார். செலவு, கூலியும் சேர்த்து, டொராண்டோ அண்ணன் சொன்ன எஸ்எம்பிஎஸ்ஸின் பாதி விலைக்கும் குறைவு.

டொராண்டோத்தமிழன் | 19 பிப்ரவரி, மாலை 6.40

பந்தயத்தில் தோற்றேன், மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொள்கிறேன். நான் இருக்கும் ஊரில் வீட்டுக்குள் போர் மோட்டார் என்பதே கிடையாது. அதனால் என் கண் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனாலும் ஒரு சொல்: 200 முதல் 240 வரை என்று மட்டும் எழுதிய எஸ்எம்பிஎஸ்ஸை அடுத்த முறை தவிர்த்துவிடுங்கள். 100 முதல் 240 வரை என்று முழு வீச்சும் உள்ளவற்றை அதே வாட்டில் வாங்க முடியும். அப்படிப்பட்டதாக இருந்திருந்தால் இந்தப் பள்ளத்தைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு.

மின்னுழவன் | 19 பிப்ரவரி, இரவு 7.30

தாண்டியிருக்கும், நியூட்ரலும் எரிந்துகொண்டே இருந்திருக்கும். ஆனால் வாங்கும்போது அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன்.

பனங்கூடல் | 20 பிப்ரவரி, காலை 10.10

எனக்கும் ஏறக்குறைய இதே தொல்லை. விளையாடும்போது திரை இரண்டு நொடி கறுத்து, பிறகு விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிகிறது. எங்கள் வீட்டிலும் கிணற்று மோட்டார் உண்டு. நானும் ஒயரிங்கைப் பார்க்க வேண்டுமா?

குறைகடத்தி | 20 பிப்ரவரி, காலை 10.45

வேண்டியதில்லை, உங்களுடையது மூன்றாவது வகை. டெஸ்க்டாப் திரும்புகிறது என்றால் மின்சாரம் போகவில்லை, விண்டோஸும் சாகவில்லை. கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை உதறி மீண்டும் எழுப்பும். ஈவன்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101 என்று பதிந்திருக்கும். டிரைவரை ஒரு பதிப்பு பின்னுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை முதலில் விலக்குங்கள். அப்படியும் தொடர்ந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

நொய்யல்கரை | 9 மார்ச், இரவு 9.00

பதினெட்டு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெட்டியைச் சரிசெய்த பிறகு என் அறையில் மோட்டார் கிளம்பும்போது மீட்டர் காட்டும் மிகக் குறைந்த அளவு 216 வோல்ட். வேண்டுமென்றே காலை ஏழிலும் மாலை ஏழிலும் விளையாடினேன். கெர்னல் பவர் 41 ஒன்றுகூட இல்லை. பூசை அறை பல்பும் மங்குவதில்லை என்று அம்மா சொல்கிறார். ரேம் 3200இலேயே ஓடுகிறது. 3600க்கும் அதற்கும் விளையாட்டில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

மின்னுழவன் ஐயாவிடம் கடைசியாக ஒன்று: இனி யூபிஎஸ் தேவையா?

மின்னுழவன் | 9 மார்ச், இரவு 9.50

மின்வெட்டில் விளையாட்டைச் சேமித்து மூடுவதற்குத் தேவை. உங்கள் பழைய 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட்தான். உங்கள் கணினி 400 வாட்டை நெருங்குகிறது, மானிட்டர் தனி. அதனால்தான் அது கத்தியது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விஏவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். அப்படியே வாங்கினாலும், மாதம் ஒருமுறை அதைக் கழற்றிவிட்டு ஒரு மாலை முழுவதும் நேராகச் சுவரில் மாட்டி விளையாடுங்கள்.